எதிரொலியை ஏமாற்றும் அலைகள்

திருவிழா நாட்களில் தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். மேடையில் ஒருவர் வேகமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். நீங்கள் தெருவின் நடுவில் நிற்கிறீர்கள். அவர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா? பெரும்பாலும் புரிவதில்லை. ஒலி போதவில்லை என்று சொல்ல முடியாது. அது காதைத் துளைக்கிறது. பிறகு ஏன் புரியவில்லை?

பக்கத்துக் கம்பத்துக் குழாயின் ஒலி உங்கள் காதுக்கு உடனே வந்துவிடுகிறது. அதைவிட 170 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஒலி அரை வினாடி பிந்தி வருகிறது. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தானே செல்லும்? அந்த அரை வினாடிக்குள் பேச்சாளர் இரண்டு மூன்று எழுத்துகளைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஆகவே புதிய எழுத்தின் மேல் பழைய எழுத்து வந்து விழுகிறது. எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடுகிறது.

ஒலியை இன்னும் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. நேர் ஒலி எவ்வளவு கூடுகிறதோ, பிந்தி வரும் ஒலியும் அவ்வளவு கூடும். குழப்பம் அப்படியே இருக்கும்.

அனுபவமுள்ள அறிவிப்பாளர் என்ன செய்வார்? "பொதுமக்களே..." என்று நீட்டிச் சொல்லி, சற்று நிறுத்தி, அதன் பிறகே அடுத்த சொல்லுக்குப் போவார். பிந்தி வரும் ஒலி அந்த நீட்டலுக்குள்ளும் அந்த இடைவெளிக்குள்ளும் அடங்கிவிடும். அடுத்த சொல்லைக் கெடுக்காது. ஆனால் ஒரு குறை. ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு அரை மணி நேரம் ஆகும்!

மெதுவாகவும் பேச வேண்டும். செய்தியும் விரைவாகப் போய்ச் சேர வேண்டும். இது நடக்குமா? வானொலிப் பொறியியலார் இதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். இன்று டிஜிட்டல் வானொலி, வைஃபை, நான்காம் தலைமுறைக் கைபேசி எல்லாம் அந்த வழியில்தான் இயங்குகின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

வானொலி அலைக்கும் எதிரொலி உண்டு

ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள நார்வே நாட்டை நிலப்படத்தில் பாருங்கள். நாடு முழுவதும் மலைகள். மலைகளுக்கு நடுவே கடல் நீண்ட விரல்களைப் போல் உள்ளே நுழைந்திருக்கிறது. அங்கே ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை, காரில் செல்பவரின் வானொலிக்கு ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. நேராக ஒன்று வரும். எதிர்மலையில் பட்டுத் திரும்பி இன்னொன்று வரும். பக்கத்துப் பாறைச் சரிவில் மோதி மூன்றாவது ஒன்று வரும்.

மலைகள்தான் வேண்டும் என்பதில்லை. நகரத்து மாடிக் கட்டடங்கள், நீர்த்தேக்கத் தொட்டிகள், ஓடும் பேருந்துகள் எல்லாமே வானொலி அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. இதைப் 'பல்வழிப் பரவல்' என்பார்கள்.

வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இவ்வளவு வேகமாகச் செல்லும் அலையில் சிறிது பிந்தி வருவது ஒரு பெரிய தொல்லையா என்று கேட்கிறீர்களா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரோ வினாடி. அந்த நேரத்தில் வானொலி அலை 300 மீட்டர் செல்லும். மலையில் பட்டுத் திரும்பும் அலை, நேர் அலையைவிட 3 கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். அது 10 மைக்ரோ வினாடி பிந்தி வரும்.

ஐரோப்பாவில் வழங்கும் டிஜிட்டல் வானொலி முறையில் ஒரு தொகுப்பில் பல நிலையங்களின் நிகழ்ச்சிகள் சேர்ந்து செல்கின்றன. இதற்காக வினாடிக்குச் சுமார் 24 லட்சம் பிட்டுகளை அனுப்ப வேண்டும். 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து அனுப்பினால், வினாடிக்கு 12 லட்சம் குறிகள். ஒவ்வொரு குறிக்கும் கிடைக்கும் நேரம் எவ்வளவு? ஒரு மைக்ரோ வினாடிகூட இல்லை, சுமார் 0.8 மைக்ரோ வினாடிதான்.

எதிரொலியோ 10 மைக்ரோ வினாடி பிந்தி வருகிறது. அதாவது, பன்னிரண்டு குறிகளுக்கு முன்னால் சொன்னது இப்போது சொல்லும் குறியின் மேல் வந்து விழுகிறது! திருவிழாத் தெருவின் கதைதான் இங்கேயும். ஒலிபரப்பின் மின்திறனைக் கூட்டினாலும் பயனில்லை. மலை தன் பங்கையும் கூட்டியே திருப்பி அனுப்பும்.

ஒருவர் வேகமாக அல்ல, பலர் மெதுவாக

இப்போது நம் அறிவிப்பாளரிடம் திரும்புவோம். அவர் மெதுவாகப் பேசினால் செய்தி புரியும். ஆனால் நேரம் போதாது. ஒருவருக்குப் பதில் பலரை நிறுத்தி, செய்தியை அவர்களிடையே பங்கு போட்டுக் கொடுத்தால்? எல்லோரும் ஒரே நேரத்தில், ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு சுருதியில், மெதுவாகச் சொல்லட்டும். சுருதியைக் கொண்டு அவர்களைப் பிரித்தறியும் காது ஒன்று இருந்தால் போதும். மொத்த வேகமும் குறையாது, எதிரொலியும் கெடுக்காது.

வானொலியில் 'சுருதி' என்பது அதிர்வெண். செய்தியைத் தூக்கிச் செல்லும் அலைக்கு ஊர்தி அலை என்று பெயர். ஒரே ஊர்தி அலைக்குப் பதிலாக, டிஜிட்டல் வானொலியின் முதன்மையான முறையில் 1,536 ஊர்தி அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு ஊர்தி அலைகளுக்கு இடையே 1 கிலோ ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஒவ்வொன்றும் தன் குறியை அவசரமின்றி 1,246 மைக்ரோ வினாடி நேரம் சொல்கிறது.

இப்போது அந்த 10 மைக்ரோ வினாடி எதிரொலியை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு அது பன்னிரண்டு குறிகளை விழுங்கியது. இப்போது ஒரு குறியின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. யானையாக நின்ற எதிரொலி எறும்பாகிவிட்டது!

ஆனால் இதில் புதிய சிக்கல் ஒன்று பிறக்கிறது. 1,536 ஊர்திகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒரே காற்றில் செல்கின்றன. வானொலிப் பெட்டியின் ஆண்டெனாவுக்குக் கிடைப்பது அவை எல்லாம் கலந்த ஒரே கூட்டு அலை. அதிலிருந்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிப்பது எப்படி? பழைய முறையில் ஊர்திகளுக்கு நடுவே வெற்றிடம் விட்டு, வடிப்பான்களைக் கொண்டு பிரிப்பார்கள். அப்படிச் செய்தால் அலைவரிசை வீணாகும். ஆயிரத்துக்கு மேற்பட்ட வடிப்பான்களை ஒரு சிறிய பெட்டிக்குள் வைக்கவும் முடியாது.

நான்கு எண்களில் ஒரு சோதனை

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாயத்தை நீங்களே செய்து பார்க்கலாம்.

ஒரு குறிப்பிட்ட நேரத்தைச் சன்னல் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சன்னலுக்குள் சரியாக ஒரு முழு அலைவு அடங்கும் அலை ஒன்றை வரையுங்கள். சம இடைவெளியில் நான்கு புள்ளிகளில் அதன் உயரத்தைக் குறியுங்கள். அதே சன்னலுக்குள் சரியாக இரண்டு முழு அலைவுகள் அடங்கும் இன்னோர் அலையை, உச்சியில் தொடங்கி வரைந்து, அதன் உயரங்களையும் குறியுங்கள். கிடைப்பவை இவை:

முதல் அலை: 0, 1, 0, -1
இரண்டாம் அலை: 1, -1, 1, -1

இரண்டையும் இடத்துக்கு இடம் பெருக்கிக் கூட்டுங்கள். 0, -1, 0, 1 என்று வருகிறது, கூட்டினால் பூச்சியம். ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவே இல்லை! முதல் அலையை அதனோடே பெருக்கிக் கூட்டினால் 2 வருகிறது. இரண்டாம் அலையை அதனோடே பெருக்கிக் கூட்டினால் 4 வருகிறது.

இப்போது முதல் அலையின் மேல் 3 என்ற எண்ணையும், இரண்டாம் அலையின் மேல் 5 என்ற எண்ணையும் ஏற்றி அனுப்புவோம். முதல் அலை 0, 3, 0, -3 ஆகும். இரண்டாம் அலை 5, -5, 5, -5 ஆகும். காற்றில் இரண்டும் கலந்துவிடும்:

கூட்டு அலை: 5, -2, 5, -8

இதைப் பார்த்து, உள்ளே 3-ம் 5-ம் இருப்பதாக யாராவது சொல்ல முடியுமா? ஆனால் கூட்டு அலையை முதல் அலையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 - 2 + 0 + 8 = 6. இதை 2-ஆல் வகுத்தால் 3. கூட்டு அலையை இரண்டாம் அலையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 5 + 2 + 5 + 8 = 20. இதை 4-ஆல் வகுத்தால் 5. போட்ட எண்கள் இரண்டும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டன!

இப்படி ஒன்றையொன்று பாதிக்காமல் இருக்கும் அலைகளைச் 'செங்குத்து அலைகள்' என்று கணிதத்தில் சொல்வார்கள். கிழக்கே நடப்பவர் வடக்குத் திசையில் ஓர் அடிகூட முன்னேறுவதில்லை அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சன்னலுக்குள் ஒவ்வோர் அலையும் முழு எண்ணிக்கையில் அலைவுகளை முடிக்க வேண்டும். டிஜிட்டல் வானொலியில் சன்னல் 1,000 மைக்ரோ வினாடி. ஊர்திகளின் இடைவெளி 1 கிலோ ஹெர்ட்ஸ். ஆகவே ஒவ்வோர் ஊர்தியும் தன் பக்கத்து ஊர்தியைவிடச் சரியாக ஒரே ஓர் அலைவு அதிகமாகச் செய்கிறது. நிபந்தனை நிறைவேறிவிட்டது.

வெற்று இடைவெளி போதாது

எதிரொலி எறும்பாகிவிட்டது என்றோம். எறும்பும் கடிக்கும் அல்லவா? ஒரு குறியின் கடைசிப் பகுதி, அடுத்த குறியின் தொடக்கத்தில் வந்து விழத்தான் செய்யும். அறிவிப்பாளரைப் போல ஒவ்வொரு குறிக்கும் முன்னால் சற்று மௌனமாக இருந்தால் என்ன? முதலில் அப்படித்தான் செய்தார்கள். பழைய குறி புதிய குறியின் மேல் விழுவது நின்றது. ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. நம் நான்கு எண்களே அதைக் காட்டிவிடும்.

முதல் அலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் மௌனம், அதாவது 0. எதிரொலி ஒரு படி பிந்தி வருகிறது. அப்போது சன்னலுக்குள் தெரிவது:

பிந்திய முதல் அலை: 0, 0, 1, 0

கடைசி -1 சன்னலுக்கு வெளியே போய்விட்டது. முன்னால் மௌனம் புகுந்துகொண்டது. இதை இரண்டாம் அலையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 0 + 1 + 0 = 1. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் 1 வந்துவிட்டது! முதல் ஊர்தியின் செய்தி இரண்டாம் ஊர்திக்குள் கசிந்துவிட்டது. காரணம் வெளிப்படை: அலை பாதியில் வெட்டுப்பட்டதால் சன்னலுக்குள் முழு அலைவு இல்லை. செங்குத்துத் தன்மை கெட்டுவிட்டது.

இரண்டு ஊர்திகளுக்கே இந்தக் கதி என்றால், 1,536 ஊர்திகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்தால் என்ன ஆகும்?

வாலை எடுத்துத் தலையில் வை

இதற்குத் தீர்வை 1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பெலெட், ரூயிஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். அது மிகவும் எளிய தீர்வு. மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில், அதே குறியின் கடைசிப் பகுதியை ஒரு பிரதி எடுத்து முன்னால் ஒட்டிவிட வேண்டும். வாலை எடுத்துத் தலையில் வைப்பது போல.

நம் முதல் அலையின் கடைசி எண் -1. அதை முன்னால் ஒட்டினால் அனுப்பப்படுவது:

-1, 0, 1, 0, -1

வானொலிப் பெட்டி முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, பின்வரும் நான்கை மட்டுமே சன்னலுக்குள் எடுத்துக்கொள்ளும். நேர் அலையில் அது 0, 1, 0, -1. பழையபடியே இருக்கிறது. ஒரு படி பிந்தி வரும் எதிரொலியில் சன்னலுக்குள் தெரிவது -1, 0, 1, 0. இதை இரண்டாம் அலையால் பெருக்கிக் கூட்டுங்கள்: -1 + 0 + 1 + 0 = 0.

மறுபடியும் பூச்சியம்! கசிவு நின்றுவிட்டது.

ஏன் என்று புரிகிறதா? வாலும் தலையும் ஒட்டிய அலை ஒரு வளையம் போன்றது. வளையலை எந்த இடத்திலிருந்து சுற்றத் தொடங்கினாலும் ஒரு முழுச் சுற்று முழுச் சுற்றுத்தானே? எதிரொலி எவ்வளவு பிந்தினாலும், ஒட்டிய பகுதியின் நீளத்துக்குள் அது இருக்கும்வரை, சன்னலுக்குள் முழு அலைவுகளே தெரியும். தொடங்கும் இடம் மட்டும் மாறியிருக்கும்.

இந்தத் தொடங்கும் இடத்தைக் 'கட்டம்' என்பார்கள். ஒரே அதிர்வெண்ணுள்ள நேர் அலையும் எதிரொலியும் கூடினால், அதே அதிர்வெண்ணுள்ள ஓர் அலைதான் கிடைக்கும்; அதன் உயரமும் கட்டமும் மட்டும் மாறியிருக்கும். டிஜிட்டல் வானொலியில் இந்த மாற்றத்தையும் சமாளிக்க ஓர் உபாயம் உண்டு. செய்தியைக் கட்டத்தில் எழுதாமல், முந்திய குறியின் கட்டத்துக்கும் இந்தக் குறியின் கட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டில் எழுதுகிறார்கள். எதிரொலி இரண்டு குறிகளையும் ஒரே அளவு திருப்பியிருப்பதால், கழிக்கும்போது அது தானே மறைந்துவிடுகிறது.

சில ஊர்திகளில் மட்டும் துரதிருஷ்டம் நேரும். நேர் அலை மேலே போகும்போது எதிரொலி கீழே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஊர்தி மௌனமாகிவிடும். எதிரொலி 10 மைக்ரோ வினாடி பிந்தியிருந்தால் இவ்வகை இடங்கள் 100 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக வரும். நடுவிலுள்ள ஊர்திகள் பல, எதிரொலியால் வலுவே அடைந்திருக்கும். ஆகவே செய்தியில் பிழை திருத்தும் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து, பல ஊர்திகளிலும் பல குறிகளிலும் சிதறி அனுப்புகிறார்கள். சில ஊர்திகள் தொலைந்தாலும் மீதியைக் கொண்டு முழுச் செய்தியையும் மீட்டுவிடலாம்.

காகிதத்திலிருந்து கருவிக்கு

இந்த முறை ஒரே நாளில் பிறந்துவிடவில்லை. சிற்றலை வானொலியில் பல ஊர்திகளைக் கொண்டு செய்தி அனுப்பும் 'கைனெப்ளெக்ஸ்' என்ற கருவியை, அமெரிக்காவின் காலின்ஸ் நிறுவனம் 1950-களிலேயே செய்திருந்தது. நெருக்கமாக அடுக்கிய ஊர்திகள் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க என்ன நிபந்தனை வேண்டும் என்பதை, பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் சாங் 1966ஆம் ஆண்டில் கணித வாயிலாகக் காட்டினார்.

1971ஆம் ஆண்டில் அதே ஆய்வுக்கூடத்தின் வைன்ஸ்டீன், ஈபர்ட் இருவரும் இன்னொரு பெரிய தடையை உடைத்தார்கள். ஆயிரம் ஊர்திகளுக்கு ஆயிரம் அலையியற்றிகளும் வடிப்பான்களும் வேண்டியதில்லை. நாம் மேலே செய்த பெருக்கிக் கூட்டும் வேலையை ஒரு கணிப்பொறியே செய்துவிடலாம் என்றார்கள். கணிதத்தில் இதற்கு ஃபூரியர் மாற்றம் என்று பெயர்.

வேலை கொஞ்சமா? டிஜிட்டல் வானொலியில் ஒரு சன்னலுக்கு 2,048 புள்ளிகள். நேரடியாகப் பெருக்கினால் 2,048 × 2,048, ஏறத்தாழ 42 லட்சம் பெருக்கல்கள். வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும்! நல்ல வேளையாக, ஜேம்ஸ் கூலி, ஜான் டியூக்கி என்ற இருவர் 1965ஆம் ஆண்டில் ஒரு குறுக்குவழியை வெளியிட்டிருந்தார்கள். அதன்படி சுமார் 11 ஆயிரம் பெருக்கல்களே போதும்.

ஆனாலும் அக்காலக் கணிப்பொறிகள் அறையை அடைத்துக்கொண்டு நின்றன. இந்தக் கணக்கு ஒரு விரல்நகச் சில்லுக்குள் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1985ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தின் லெனார்ட் சிமினி இம்முறையை ஓடும் வண்டிகளின் வானொலிக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். 1987ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் அலார், லஸால் இருவரும் இது ஒலிபரப்புக்கும் ஏற்றது என்று எழுதினார்கள். அதே ஆண்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து டிஜிட்டல் வானொலித் திட்டத்தைத் தொடங்கின.

கோபுரங்கள் எல்லாம் ஒரே அலையில்

இப்போது மறுபடியும் நார்வேக்குப் போவோம். 1995ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் அந்நாட்டின் பொது வானொலி டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் பி.பி.சி.யும் தொடங்கியது.

நார்வேக்கு இதில் என்ன அவசரம்? எப்.எம். முறையில் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒலிபரப்ப முடியாது. ஒலிபரப்பினால் இரண்டின் அலைகளும் மோதிக் கெட்டுவிடும். ஆகவே ஒரே நிகழ்ச்சியை அனுப்பினாலும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி அதிர்வெண் வேண்டும். மலைக்கு மலை கோபுரம் வைக்க வேண்டிய நாட்டில் அதிர்வெண்களுக்கு எங்கே போவது?

புதிய முறையில் இந்தச் சிக்கலே இல்லை. வானொலிப் பெட்டியின் பார்வையில், தொலைவிலுள்ள இன்னொரு கோபுரத்திலிருந்து வரும் அதே செய்தி என்பது என்ன? பிந்தி வரும் ஓர் எதிரொலி, அவ்வளவுதான்! 30 கிலோமீட்டர் அதிகத் தொலைவிலுள்ள கோபுரத்தின் அலை 100 மைக்ரோ வினாடி பிந்தி வரும். முன்னால் ஒட்டிய வாலின் நீளமோ 246 மைக்ரோ வினாடி. அதாவது சுமார் 74 கிலோமீட்டர் வரையிலான தூர வித்தியாசத்தை அது தாங்கிக்கொள்ளும்.

ஆகவே ஒரு பகுதியிலுள்ள கோபுரங்கள் எல்லாம், செயற்கைக்கோள்களின் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, ஒரே அதிர்வெண்ணில் ஒரே குறியைச் சொல்கின்றன. ஒரு கோபுரத்தை மலை மறைத்தால் மற்றொன்று கைகொடுக்கிறது. காரோட்டி நிலையத்தைத் திருகித் தேட வேண்டியதில்லை. பகையாக இருந்த எதிரொலி துணையாக மாறிவிட்டது!

நார்வே 2017ஆம் ஆண்டில் தன் தேசிய வானொலிகளின் எப்.எம். ஒலிபரப்பை முழுவதும் நிறுத்திவிட்டது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். ஜனவரியில் வடக்கே தொடங்கிய வேலை, பகுதி பகுதியாக நடந்து டிசம்பரில் முடிந்தது. உள்ளூர்ச் சிறு நிலையங்கள் பல அதன் பிறகும் எப்.எம். முறையில் தொடர்ந்தன. இந்த மாற்றம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. பழைய வானொலிப் பெட்டிகள் பயனற்றுப்போயின. காருக்குப் புதிய பெட்டி வாங்க வேண்டியிருந்தது. குறைப்பட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

இதற்கு விலை உண்டு

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. இம்முறைக்கும் மூன்று விலைகள் கொடுக்க வேண்டும்.

முதல் விலை நேரம். முன்னால் ஒட்டிய வாலில் புதிய செய்தி எதுவும் இல்லை. வானொலிப் பெட்டி அதைத் தள்ளிவிடுகிறது. 1,246 மைக்ரோ வினாடியில் 246 இப்படிப் போகிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம்! எதிரொலிக்கு இடம் விடுவதற்காகத் தெரிந்தே செய்யும் செலவு இது.

அப்படியானால் குறியை இன்னும் பத்து மடங்கு நீட்டிவிட்டால், வாலின் பங்கு குறைந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்வி. இங்கேதான் இரண்டாவது விலை வருகிறது. ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும் ரயிலின் சுருதி உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். அது டாப்ளர் விளைவு. ஓடும் காரின் வானொலிக்கும் அப்படியே. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரில், 220 மெகா ஹெர்ட்ஸ் அலை சுமார் 24 ஹெர்ட்ஸ் விலகித் தோன்றும். ஊர்திகளின் இடைவெளி 1,000 ஹெர்ட்ஸ் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குறியைப் பத்து மடங்கு நீட்டினால் இடைவெளி 100 ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். அப்போது 24 ஹெர்ட்ஸ் என்பது கால் பங்கு இடைவெளி! சன்னலுக்குள் முழு அலைவுகள் இரா. ஊர்திகள் ஒன்றுக்குள் ஒன்று கசியும்.

மூன்றாவது விலை மின்திறன். 1,536 அலைகளின் முகடுகளும் தற்செயலாக ஒரே கணத்தில் சேர்ந்தால் கூட்டு அலை மிக உயரமாக எழும். அந்த உயரத்தைச் சிதைக்காமல் பெருக்கக்கூடிய பெருக்கி வேண்டும். பெருக்கி அலையின் தலையை வெட்டிவிட்டால் அதுவே புதிய கசிவை உண்டாக்கும். ஆகவே பெருக்கியை அதன் முழுத் திறனில் ஓட்டாமல் குறைத்தே ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஒரே சமையல், வேறு வேறு அளவு

இந்த விலைகளை நிறுத்துப் பார்த்து, இடத்துக்கு ஏற்றபடி அளவுகளை மாற்றிக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் இயங்கும் வைஃபைக்கு எதிரொலி தருபவை சுவர்களும் பீரோக்களும்தான். அவை அதிக தூரத்தில் இல்லை. ஆகவே 1999ஆம் ஆண்டில் வகுத்த 802.11ஏ என்ற வைஃபை முறையில், வாலின் நீளம் 0.8 மைக்ரோ வினாடிதான். அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் செல்லும். வீட்டுக்கு அது தாராளம். ஊர்திகளின் இடைவெளி 312.5 கிலோ ஹெர்ட்ஸ். ஊர்திகளும் 52 மட்டுமே.

நான்காம் தலைமுறைக் கைபேசியின் எல்.டி.இ. முறை நடுவில் நிற்கிறது. அதில் வால் சுமார் 4.7 மைக்ரோ வினாடி. இடைவெளி 15 கிலோ ஹெர்ட்ஸ். ஏன் 15? 2 கிகா ஹெர்ட்ஸ் அலையில், 120 கிலோமீட்டர் வேகத்தில் டாப்ளர் விலகல் சுமார் 222 ஹெர்ட்ஸ். டிஜிட்டல் வானொலியின் 1 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியை இங்கே வைத்தால் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். 15 கிலோ ஹெர்ட்ஸில் அது நூற்றில் ஒன்றரைப் பங்குதான். கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலைக்கு மட்டும், முகடுகள் உயர்ந்து பாட்டரியைத் தின்னாதபடி, இம்முறையையே சற்று மாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

நம் முதல் அலையின் முன்னால் ஒரே ஓர் எண்ணை மட்டும் ஒட்டி, -1, 0, 1, 0, -1 என்று அனுப்புங்கள். அதற்கும் முன்னால் மௌனம். இப்போது எதிரொலி ஒரு படி அல்ல, மூன்று படி பிந்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சன்னலுக்குள் தெரியும் நான்கு எண்களை எழுதி, இரண்டாம் அலையால் பெருக்கிக் கூட்டுங்கள். -1 என்ற விடை வந்தால் உங்கள் கணக்குச் சரி. எதிரொலி வாலைவிட நீண்டுவிட்டது; கசிவு வந்துவிட்டது.

பிறகு ஒன்றுக்குப் பதில் கடைசி மூன்று எண்களையும் முன்னால் ஒட்டி, அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். விடை பூச்சியம் ஆகிறதா என்று பாருங்கள்.

அடுத்த முறை திருவிழாத் தெருவில் நிற்கும்போது, எத்தனை கம்பம் தள்ளியுள்ள குழாய் வரை உங்கள் காதைக் குழப்புகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தூரத்தை 340-ஆல் வகுத்தால், அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு எத்தனை வினாடி நிறுத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். வானொலிப் பொறியியலாரும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அவர்கள் 340-க்குப் பதில் ஒளியின் வேகத்தால் வகுத்தார்கள்.